ஆட்டுக்கறிமேல் ஏன் இந்தப் பழி?

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் நம் ஆட்கள் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டோடு கிளினிக்கை விட்டு வந்ததும் முதலில் நிறுத்துவது மட்டனைத்தான். போன மாதம் என் அண்ணியும் நிறுத்தினார். தோலோடு பொரித்த கோழி மட்டும் தட்டில் அப்படியே இருக்கிறது! ஆடு என்ன பாவம் செய்தது?

ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது அப்பா லயத்து வீட்டுக்குப் பின்னால் ஆடு வளர்த்தார். முனியாண்டி சாமிக்குக் கிடா வெட்டும் நாளில் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன். வயிற்றைக் கீறியதும் குடல்மேல் வலை விரித்த மாதிரி வெள்ளைக் கொழுப்பு தெரியும். சிறுநீரகத்தைச் சுற்றி இன்னும் கட்டியாக இருக்கும். அப்பா அதை ஒரே உருவலில் எடுத்துத் தனியாக வைத்துவிடுவார். தொடையிலோ சிவப்புதான், வெள்ளையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வெள்ளாட்டின் உடம்பு வாகே அப்படி. கொழுப்பை வயிற்றுக்குள் சேர்த்துக்கொள்ளும், சதையில் அதிகம் விடாது.

அமெரிக்க வேளாண் துறைக் கணக்கில், 85 கிராம் வெந்த வெள்ளாட்டுக்கறியில் கொழுப்பு 2.6 கிராம்தான். தோல் நீக்கிய கோழியிலேயே 6 கிராமுக்கு மேல். மாடும் செம்மறியும் 8 கிராம் பக்கம். கோழியில் நெஞ்சுக்கறியை மட்டும் எடுத்தால் 3 கிராம், சரி, ஆட்டோடு போட்டிக்கு வரலாம். ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சக்கைக்கு யாரும் கை நீட்டுவதில்லை.

குழப்பம் பசாரில்தான். ஆட்டுக்கு மலாயில் கம்பிங். அப்படிக் கேட்டால் வெள்ளாடும் கிடைக்கும், ஆஸ்திரேலியாவிலிருந்து ஐஸில் வரும் செம்மறியும் கிடைக்கும். நம் வாயில் இரண்டுமே மட்டன்! துண்டின் ஓரத்தில் தடியாக வெள்ளைப் பட்டை இருந்தால் பெரும்பாலும் செம்மறிதான். கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் சமையல். கொழுப்பில்லாத கறி அவசரப்பட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும் (பால்மரம் வெட்டின குடும்பம், ரப்பர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்). பப்பாளிக்காய் ஒரு துண்டு போட்டுச் சின்னத் தீயில் வேகவிட வேண்டும். அண்ணியின் பிரட்டலில் ரெண்டு பாக்கெட் தேங்காய்ப்பால், மேலே மிதக்கிற எண்ணெய். கணக்கை அங்கே பார்க்காமல் ஆட்டின் தலையில் கட்டினால் எப்படி?

நாட்டு ஆடு விலை கூடத்தான், அதை மறுக்கவில்லை. அதனால் மாதத்துக்கு ஒரு தடவை அரைக்கிலோ, எலும்போடு. இந்த ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பால் இல்லாமல் மிளகு போட்டு நானே வைத்தேன். அண்ணி முதலில் வேண்டாம் என்றார். பிறகு நல்லி எலும்பு யாருக்கு என்று கேட்டார்.