சவூதி பணம் வருவதற்கு முன்பே எடி ஹவ் இருந்தார்

2021-இல் சவூதி கைக்குப் போன இங்கிலாந்துக் கால்பந்து கிளப் நியூகாசில் ஜெயிக்கும்போதெல்லாம் இதே பேச்சுதான். சவூதிக்காரன் பணம் கொட்டுகிறான், அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம் என்கிறார்கள். பணம் இருப்பது உண்மை. ஆனால் அந்த அணியை ஜெயிக்க வைத்த மேலாளர் எடி ஹவ்வின் கணக்கை 2021-இல் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஹவ் போர்ன்மவுத் என்ற சின்ன கிளப்பில் டிஃபெண்டராக ஆடியவர். 2002-இல் போர்ட்ஸ்மவுத் கிளப்புக்குப் போனார். போன வேகத்தில் முழங்கால் போய்விட்டது. அங்கே அவர் ஆடியது இரண்டே லீக் ஆட்டங்கள். 2004-இல் அவரைத் திரும்ப அழைத்துவர போர்ன்மவுத் கிளப்பிடம் காசில்லை. ரசிகர்களே வசூல் செய்து சுமார் 21,000 பவுண்டு சேர்த்துக் கொடுத்தார்கள். அவர் மேல் அந்த ஊருக்கு இருந்த பாசம் அப்படி. ஆனாலும் அந்த முழங்கால் கடைசிவரை சரியாகவில்லை. முப்பது வயதைத் தொடுவதற்குள் ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது.

2008 கடைசியில் 31 வயதில் மேலாளர் பொறுப்புக்கு வந்தார். அப்போது கிளப்பின் நிலைமை என்ன தெரியுமா? நான்காம் டிவிஷன். நிதிச் சிக்கலுக்குத் தண்டனையாக சீசன் தொடங்கும்போதே மைனஸ் 17 புள்ளிகள். இன்னும் ஒரு படி இறங்கினால் லீக்கை விட்டே வெளியே. அவருடைய முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி. அப்புறம் ஹவ் திரும்ப அழைத்துவந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் ஃப்ளெட்சர். 36 வயது, கிளப்பின் பழைய ஃபார்வர்டு. ஏப்ரல் 2009-இல் சொந்த மைதானத்தில் கிரிம்ஸ்பியோடு ஆட்டம். 1-1 என்று இருக்கிறது, முடிய பத்து நிமிடம்தான் பாக்கி. அதே ஃப்ளெட்சர் கோல் அடித்தார். கிளப் பிழைத்தது. அந்தப் பந்து வெளியே போயிருந்தால் நாம் இன்று போர்ன்மவுத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போமா என்பதே சந்தேகம்.

அடுத்த ஆண்டே மூன்றாம் டிவிஷனுக்கு ஏற்றம். நடுவில் பர்ன்லி கிளப்புக்குப் போய்விட்டு 2012-இல் திரும்பினார். 2013-இல் இன்னொரு படி. 2015-இல் இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப்பில் பட்டம். சுமார் 11,000 பேர் மட்டுமே உட்காரக்கூடிய மைதானத்தை வைத்துக்கொண்டு வரலாற்றிலேயே முதல்முறையாக பிரீமியர் லீக்! ஸ்டீவ் குக், சைமன் ஃப்ரான்சிஸ், சார்லி டேனியல்ஸ் எல்லாம் மூன்றாம் டிவிஷனிலிருந்தே கூட வந்தவர்கள். அவர்களையே பிரீமியர் லீக்கிலும் ஆட வைத்தார். எனக்கு இதுதான் பெரிய விஷயம். ஆளை மாற்றாமல் ஆட்டத்தை மாற்றுவது எல்லா மேலாளர்களுக்கும் வராது.

ஐந்து சீசன் நிலைத்தார்கள். 2020-இல் ஒரே ஒரு புள்ளி குறைந்ததால் கீழ் டிவிஷனுக்கு இறங்கினார்கள். கடைசிக் காலத்தில் வாங்கிய ஆட்டக்காரர்களில் பலர் சோபிக்கவில்லை, அதில் அவருக்கும் பங்கு உண்டு.

நவம்பர் 2021-இல் நியூகாசிலுக்கு வந்தபோது அந்த அணி ஒரு லீக் ஆட்டம்கூட ஜெயித்திருக்கவில்லை. ஜனவரியில் டிரிப்பியர், புருனோ கிமாரேஸ் என்று ஆட்களை வாங்கினார்கள், சரி. ஆனால் ஜோலிண்டனைப் பாருங்கள். கோல் அடிக்கவென்று 4 கோடி பவுண்டுக்கு வாங்கி, கோல் வராமல் கேலிக்கு ஆளானவர். நார்விச்சுக்கு எதிரான ஆட்டத்தில் நியூகாசிலின் கியரன் கிளார்க் ஒன்பதாவது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை வாங்கினார். பத்துப் பேரோடு ஆட வேண்டிய நிலையில் ஜோலிண்டன் நடுக்களத்துக்கு இறங்கி விழுந்து விழுந்து உழைத்தார். ஹவ் அவரை அங்கேயே நிலையாக வைத்தார். பிறகு பிரேசில் தேசிய அணி வரைக்கும் போய்விட்டார் அந்த மனிதர். இது எந்தப் பணத்தில் வாங்கியது?

சவூதி அரசின் மனித உரிமை பற்றிக் கேட்டால், கால்பந்தை மட்டும் பேசுகிறேன் என்று ஹவ் ஒதுங்கிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லாமல் அவரைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 2025, வெம்ப்ளி, லீக் கப் இறுதி ஆட்டம். லிவர்பூலை 2-1 என்று வீழ்த்தினார்கள். 1955-க்குப் பிறகு நியூகாசிலுக்குக் கிடைத்த முதல் உள்நாட்டுக் கோப்பை. முதல் கோலைத் தலையால் முட்டி அடித்த டேன் பர்ன் பக்கத்து ஊர்க்காரர், சின்ன வயதில் இதே கிளப் வேண்டாம் என்று அனுப்பிவிட்ட பையன். ஒரு ஆங்கிலேய மேலாளர் உள்நாட்டில் பெரிய கோப்பை வாங்குவதும் 2008-இல் ஹாரி ரெட்நாப்புக்குப் பிறகு அன்றுதான்.

இங்கிலாந்து தேசிய அணியின் மேலாளர் சவுத்கேட் விலகியதும் அந்த அணியை ஜெர்மனிக்காரர் டூஹெலிடம் கொடுத்தார்கள். டூஹெல் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தவர், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நான்காம் டிவிஷனின் அடியிலிருந்து ஏறி வந்த சொந்த நாட்டுக்காரர் ஒருவர் இருக்கும்போது, அந்தப் பொறுப்பு ஹவ்வுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் சொல்வேன்.