கொட்டித் தீர்க்கச் சொல்லாதீர்கள்

"மனசுல இருக்கிறதை அப்படியே பேப்பர்ல கொட்டிடு." வரைந்து மனபாரத்தை இறக்கிவைக்க நினைக்கும் யாருக்கும் கிடைக்கிற முதல் அறிவுரை இதுதான். நம்பி உட்காருகிற பலர் கால்மணி நேரத்தில் எழுந்துவிடுகிறார்கள். உள்ளே இருந்தது ஒன்று, தாளில் வந்தது வேறொன்று. "நமக்கு வரையவெல்லாம் வராது" என்ற முடிவோடு வண்ணப்பெட்டி அலமாரிக்குப் போய்விடுகிறது. அவர்கள் மேல் தப்பே இல்லை. அறிவுரைதான் தப்பு.

உணர்ச்சி தாளில் இறங்க வேண்டுமானால் முதலில் வேண்டியது கட்டுத்திட்டம். தாள் எவ்வளவு பெரியது, எத்தனை நிறம், எவ்வளவு நேரம், கண்ணெதிரே என்ன பொருள்: இந்த நான்கையும் வரைய ஆரம்பிப்பதற்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். கலங்கியிருக்கும் மனசு வரைந்துகொண்டே முடிவும் எடுக்காது. இருபத்துநான்கு நிறங்களைத் திறந்துவைத்தால், எதைத் தொடுவது என்ற யோசனையிலேயே சொல்ல வந்தது நழுவிவிடும்.

அதற்கும் முன்னால் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது வேண்டியது ஆறுதலா, அல்லது சொல்லியே ஆகவேண்டிய ஒன்றைச் சொல்வதா? இரண்டும் ஒன்றென்று நினைத்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். பங்கேற்றவர்களைத் துக்கமான மனநிலைக்குக் கொண்டுவந்து, சிலரை அந்தத் துக்கத்தையே வரையச் சொன்னார்கள். மற்றவர்களைச் சம்பந்தமில்லாத வேறொன்றை வரையச் சொன்னார்கள். உடனடியாக மனசு அதிகம் தேறியது இரண்டாவது கூட்டத்துக்குத்தான். ஆகவே இன்றிரவு தூக்கம் வந்தால் போதும் என்றால் துக்கத்தை வரையாதீர்கள். ஒரு இலையை எதிரில் வைத்து, அதன் நரம்புகளை ஒவ்வொன்றாக வரையுங்கள். அதில் கோழைத்தனம் ஒன்றும் இல்லை.

கலைச் சிகிச்சை ஆய்வாளர் கிரிஜா கைமல் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 39 பேர் களிமண், மார்க்கர், ஒட்டுச்சித்திரம் என்று பிடித்ததை எடுத்து 45 நிமிடம் வேலை செய்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்கு எச்சிலில் கார்ட்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோனின் அளவு குறைந்திருந்தது. முன்அனுபவம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் "எனக்கு வரையத் தெரியாதே" என்று தயங்குகிறவர்களிடம் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

இனி எழுதுவது, சொல்லியே ஆகவேண்டும் என்பவர்களுக்கு.

வரைவதற்கான கரியில் (சார்க்கோல்) தொடங்குங்கள். நிறத்தைப் பற்றிய கவலை இல்லை, காயக் காத்திருக்க வேண்டியதில்லை, அழுத்தினால் அழுத்தம் அப்படியே தெரியும். தாள் ஏ2 அளவு, அதாவது 42 × 59.4 செ.மீ.; கனம் 120 முதல் 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) வரை இருக்கும் கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது சற்றே சொரசொரப்பான வரைதாள். பிரிண்டருக்குப் போடும் 75 ஜிஎஸ்எம் தாள் வேண்டாம். அது வழவழப்பானது, கரியைப் பிடித்துவைக்காது, கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாலே கிழியும். பெரிய தாள் ஏன்? நோட்டுப்புத்தக அளவில் விரலும் மணிக்கட்டும் மட்டுமே அசையும். விரல்களுக்கு எழுதிப் பழக்கம், அவை நேர்த்தியாகத்தான் இயங்கப் பார்க்கும். கை தோளிலிருந்து அசைந்தால்தான் வேகமும் தயக்கமும் கோட்டில் தெரியும். தாளின் நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டி, நின்றுகொண்டு வரையுங்கள். கீழே ஒரு பழைய துணியை விரித்துவிடுங்கள், கரித்தூள் நிறைய விழும்.

கரியில் இரண்டு வகை. வில்லோ சார்க்கோல் வெறும் எரித்த குச்சி. துணியால் தட்டினாலே போய்விடும். கம்ப்ரெஸ்டு சார்க்கோல் பசை சேர்த்து அழுத்திச் செய்தது; அடர்கறுப்பு, ஒருமுறை ஏறினால் முழுசாக அழியாது. முதலில் வில்லோ, கடைசியில் கம்ப்ரெஸ்டு. இந்த வரிசை மாறினால் படம் முதல் ஐந்து நிமிடத்திலேயே இறுகிவிடும்.

இழப்பு, அதிர்ச்சி, மனசு மரத்துப்போன நிலை, இவற்றுக்கு நான் சொல்வது அழித்து வரையும் முறை. வில்லோ குச்சியை ஐந்து செ.மீ. துண்டாக உடைத்து, படுக்கவைத்துத் தாள் முழுக்கத் தேயுங்கள். துணியால் துடைத்து ஒரே சாம்பல் பரப்பாக்குங்கள். விரலால் தேய்க்கக் கூடாது. தோலின் எண்ணெய் தாளில் ஏறித் திட்டுத்திட்டாகிவிடும். பிறகு, பிசைந்து உருட்டக்கூடிய அழிப்பானால் வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் ஒற்றி எடுங்கள். கோடு எங்கே போடுவது என்று முடிவெடுக்க வேண்டியதே இல்லை. இருட்டு ஏற்கெனவே இருக்கிறது. எதை வெளியே கொண்டுவருவது என்பது மட்டும்தான் வேலை. இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்து, அடித்ததும் நிறுத்திவிடுங்கள். தூளை ஊதித் தள்ளாதீர்கள், மூச்சில் போகும். தாளைச் சாய்த்துப் பின்பக்கம் தட்டினால் உதிர்ந்துவிடும்.

கோபத்துக்கு இது ஒத்துவராது. கோபத்துக்கு வெள்ளைத் தாள், கம்ப்ரெஸ்டு கரி, எண்ணி முப்பதே கோடு. எண்ணிக்கை எதற்கென்றால், கட்டுப்பாடில்லாமல் கிறுக்கும்போது எல்லாக் கோட்டிலும் ஒரே அழுத்தம் வந்துவிடும். தாள் முழுக்க ஒரே கறுப்பு, அதில் கோபமே தெரியாது. பக்கத்தில் மெல்லிய கோடு இருந்தால்தான் அழுத்திய கோடு அழுத்தியதாகத் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. உளவியல் ஆய்வாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட சோதனையில், கோபமூட்டியவரை நினைத்தபடி குத்துமூட்டையைக் குத்தியவர்களுக்குக் கோபம் தணியவில்லை, கூடியது. தாளைக் குத்திக் கிழிப்பதும் அதே வழிதான் என்று நினைக்கிறேன். முப்பது கோட்டில் ஒவ்வொன்றையும் எங்கே செலவழிப்பது என்று யோசிக்கும்போது, கோபம் எங்கிருந்து எதை நோக்கிப் போகிறது என்பது தெரிய ஆரம்பிக்கும்.

எதை வரைவது? இதில்தான் எனக்குப் பிடிவாதம் அதிகம். கண்ணீர்த்துளி, உடைந்த இதயம், முழங்காலைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் உருவம், இலையுதிர்ந்த மரம்: இவற்றை வரையவே வரையாதீர்கள். பார்ப்பவர் "ஓ, சோகம்" என்று படித்துவிட்டு நகர்ந்துவிடுவார், படத்தைப் பார்க்கவே மாட்டார். வரைகிற உங்களுக்கும் அவை எதையும் தராது, ஏனென்றால் கைக்கு அவை மனப்பாடம். அதற்குப் பதில் சம்பந்தப்பட்ட ஒரு பொருளை எதிரில் வையுங்கள். ஒருவரை இழந்த துக்கம் என்றால் அவர் உட்கார்ந்த நாற்காலி, மூக்குக்கண்ணாடி, தேய்ந்த செருப்பு. போட்டோ பார்த்து வரைய வேண்டாம், பொருளையே பாருங்கள். அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று பென்சிலை நீட்டிப் பிடித்து அளந்து, முடிந்தவரை துல்லியமாக வரையுங்கள். துல்லியத்துக்குப் பாடுபடும்போதே எங்கோ ஓரிடத்தில் கை அதிகமாக அழுத்தும், அல்லது ஓரிடத்தைத் தொடாமல் தாண்டிப் போகும். உங்கள் உணர்ச்சி அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைத் திருத்தாதீர்கள்.

ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸின் மகன் பீட்டர் 1914 அக்டோபரில் போர்முனையில் இறந்தான். அவனுக்கு ஒரு நினைவுச்சிற்பம் செய்யத் தொடங்கியபோது, மகனின் உடலும் பெற்றோரும் சேர்ந்திருப்பதாகத்தான் திட்டமிட்டார். நடுவில் கைவிட்டார், மீண்டும் எடுத்தார். 1932-இல் முடிந்தபோது அதில் மகன் இல்லை. தனித்தனிப் பீடங்களில் மண்டியிட்ட தந்தையும் தாயும் மட்டும், தங்களைத் தாங்களே இறுகக் கட்டிக்கொண்டு. பெல்ஜியத்தில் விளாட்ஸ்லோ கல்லறைத் தோட்டத்தில் இன்றும் இருக்கிறது. பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது, எதை நீக்குவது என்பது அவருக்குத் தெரிவதற்கு. கொட்டித் தீர்ப்பது என்ற பேச்சே இந்தச் சிற்பத்தின் முன் நிற்காது.

நிறம் வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாக. வாட்டர்கலர் என்றால் 300 ஜிஎஸ்எம் தாள், அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, இரண்டே நிறம். கலக்கும் அளவை மாற்றினால் குளிர்ந்த சாம்பலிலிருந்து வெதுவெதுப்பான பழுப்புவரை அத்தனையும் வரும். "சேறாகிவிட்டது" என்று எல்லோரும் புலம்புவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால்: எதிரெதிர் நிறங்களைத் தாள் மேலேயே திரும்பத் திரும்பத் தேய்ப்பது, பாதி காய்ந்த பூச்சைத் தொடுவது. புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, தூரிகையைக் கீழே வையுங்கள். சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் சோகம் என்ற பட்டியலை மறந்துவிடுங்கள். நிறத்தைவிட, எவ்வளவு வெளிச்சம் எவ்வளவு இருட்டு என்பதுதான் மனசைத் தொடும். போனில் படமெடுத்துக் கறுப்புவெள்ளையாக்கிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் பிரச்சினை நிறத்தில் இல்லை. 1937 ஏப்ரலில் ஸ்பெயினின் குவெர்னிகா நகரம் குண்டுவீசி அழிக்கப்பட்டதற்கு பிக்காஸோ ஏழே முக்கால் மீட்டர் அகலத்தில் சொன்ன பதிலில் இருப்பது கறுப்பு, வெள்ளை, சாம்பல்தான்.

முதல் தாளோடு நிறுத்துவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு. முதல் தாளில் மேலோட்டமானது வெளியேறும், அவ்வளவுதான். நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க்கின் அக்கா ஸோஃபி 1877-இல் காசநோயில் இறந்தார். அந்த நோயுற்ற சிறுமியை முங்க் 1885-இல் வரையத் தொடங்கி, நாற்பது ஆண்டு காலத்தில் ஆறுமுறை ஓவியமாகத் தீட்டினார். நமக்கு அவ்வளவு வேண்டாம், மூன்று தாள் போதும். மறுநாள் முதல் தாளை இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள், பிறகு தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ஓர் அட்டையில் பத்து செ.மீ. சதுரமாக ஜன்னல் வெட்டி, படத்தின் மேல் நகர்த்துங்கள். எங்கே கண் நின்றுவிடுகிறதோ அந்தச் சதுரத்தை மட்டும் புதிய ஏ2 தாளில் பெரிதாக்கி வரையுங்கள். நாற்காலி போய், அதன் கைப்பிடியும் அதன் கீழிருக்கும் இருட்டும் மட்டும் மிஞ்சும். மூன்றாவது தாளில் இன்னும் குறையும்.

வரையும்போது பழைய அதிர்ச்சி அப்படியே திரும்ப நடப்பதுபோல வந்தால், கை நடுங்கினால், மூச்சு முட்டினால், உடனே நிறுத்துங்கள். அது தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை அல்ல, பயிற்சி பெற்ற கலைச் சிகிச்சையாளரோடு செய்ய வேண்டியது.

மூன்று தாளும் முடியும்வரை யாரிடமும் காட்டாதீர்கள். "நல்லாருக்கு" என்று ஒருவர் சொன்னால்கூட, அடுத்த தாளில் கை அந்த "நல்லாருக்கு"வைத்தான் தேடும். முடிந்ததும் தாளின் பின்பக்கம் தேதி எழுதுங்கள். கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரேயைத் திறந்தவெளியில், முப்பது செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரேயடியாக நனைக்காமல் மெல்லிசாக இரண்டு தடவை அடியுங்கள். ஈரமாக அடித்தால் கறுப்பு பரவி, பாடுபட்டு எடுத்த வெளிச்சங்கள் மங்கிவிடும். காய்ந்த பிறகு இடையில் பட்டர் பேப்பர் வைத்துத் தட்டையாக அடுக்குங்கள். சுருட்டிவைத்தால் உரசி அழிந்துவிடும். கிழித்துப்போடத் தோன்றினால் ஒரு மாதம் பொறுத்துக் கிழியுங்கள். அந்தத் துண்டுகளையே வெள்ளைப் பசையால் புதிய தாளில் ஒட்டி, அதன் மேல் வேலையைத் தொடரலாம்.