நிக்கலைத் தோண்டிக் கொடுப்பதோடு இந்தோனேசியா நின்றுவிட வேண்டுமா?

மின்வாகன பேட்டரிக்குத் தேவையான நிக்கல் தாதுவின் ஏற்றுமதியை இந்தோனேசியா தடை செய்தது பசுமை ஆற்றலுக்கு முட்டுக்கட்டை என்று உங்கள் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2020 ஜனவரிக்கு முன்னால் நடந்தது என்ன? சுலவேசித் தீவில் மண்ணோடு மண்ணாகத் தாதுவை வெட்டி அப்படியே கப்பலில் ஏற்றினார்கள். உருக்குவதும், பேட்டரிக்குப் பக்குவப்படுத்துவதும், அதில் வரும் லாபமும் பெரும்பாலும் வெளிநாட்டில். ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது, 2022 நவம்பரில் தீர்ப்பும் அவர்கள் பக்கமே வந்தது, இந்தோனேசியா மேல்முறையீடு செய்துவிட்டுத் தடையை விடவில்லை. சரியாகத்தான் செய்தது.

அதே மாதம் பாலி ஜி20 மாநாட்டில், இந்தோனேசியா நிலக்கரியிலிருந்து மாற 2,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் அறிவித்தன. உள்ளே பார்த்தால் பெரும்பகுதி கடன்தான், மானியம் வெறும் கொசுறு. 2025-ல் அமெரிக்கா அதிலிருந்தும் விலகிக்கொண்டது. இதை நம்பியா தாது ஏற்றுமதியைத் திறந்துவிடச் சொல்கிறீர்கள்?

அப்புறம், கட்டுரை தொடாத ஒன்று. சுலவேசியில் இருக்கும் மொரோவாலி நிக்கல் உருக்காலைகள் ஓடுவது நிலக்கரி மின்சாரத்தில், முதலீடு பெரும்பாலும் சீனாவுடையது. 2023 டிசம்பரில் அங்கே உலையைப் பழுதுபார்க்கும்போது வெடித்து 21 தொழிலாளர்கள் இறந்தார்கள், அவர்களில் சீனர்களும் உண்டு. தடையைக் குறை சொல்பவர்களும் சரி, கொண்டாடுபவர்களும் சரி, இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஆலை வந்தால் போதும் என்று ஜகார்த்தா இருந்துவிடக் கூடாது. சூரிய மின்சாரம், தொழில்நுட்பம், தொழிலாளர் பாதுகாப்பு மூன்றையும் முதலீட்டு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். உலகிலேயே அதிகமாக நிக்கல் எடுக்கும் நாடு, கேட்கும் இடத்தில்தான் இருக்கிறது.