பில்டு பாஸ் ஆனா எனக்கென்னய்யா?

நேத்து ராத்திரி 2:17. இந்த வாரம் ஆன்கால், அதாவது ராத்திரி சர்வர் படுத்தா எழுந்து பாக்குற டியூட்டி, என் தலையில, அதனால போனை சைலன்ட்லயும் போட முடியாது. டிங். சர்வர் ஏதோ படுத்துடுச்சுன்னு அலறி அடிச்சு எழுந்து பாத்தா ஆபீஸ் சாட் ஆப் ஸ்லாக்ல ஜென்கின்ஸ் சொல்லுது (கோடு மாறினா அதை தானா சேத்து, டெஸ்ட் பண்ணி, ஏத்துற சாஃப்ட்வேர், அந்த வேலைக்குத்தான் பில்டுன்னு பேரு), "பில்டு ஸ்டார்ட்டட்". ஸ்டார்ட் ஆயிருக்காம்! அதுக்கு சேனல்ல இருக்குற எல்லாருக்கும் மணி அடிக்கிற அட் சேனல் போட்டு மொத்த டீமையும் எழுப்பணுமாம். டிங், யூனிட் டெஸ்ட் முடிஞ்சுது. டிங், புரோகிராமை பொட்டலம் கட்டின டாக்கர் இமேஜ் ரெடி. டிங், ஸ்டேஜிங்ங்கிற சோதனை சர்வர்ல ஏத்தியாச்சு. டிங், சக்ஸஸ், கூடவே ஒரு ராக்கெட் எமோஜி. இவ்ளோ ஆர்ப்பாட்டம் எதுக்குன்னு கமிட்டை, அதான் கோடுல பண்ண மாத்தத்தை, தொறந்து பாத்தா, ரீட்மீங்கிற விளக்க ஃபைல்ல ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக்கை எவனோ திருத்திருக்கான். அதுக்கு ராக்கெட்டு.

அதுக்குள்ள அம்மா லைட்டை போட்டுட்டு ஓடி வந்துட்டாங்க. அந்த நேரத்துல போன் அடிச்சா எங்க வீட்டுல ஒரே அர்த்தம்தான். "பெரியப்பாவுக்கு ஏதாவது..."ன்னு குரல் நடுங்குது. இல்லம்மா, பில்டு பாஸ் ஆயிடுச்சுன்னேன். "பாஸ் ஆனா நல்லதுதானடா, அதை விடிஞ்சு சொன்னா ஆகாதா?" அப்பவும் மனசு கேக்காம அஞ்சு மணிக்கே ஊருக்கு போன் போட்டாங்க, அங்க பெரியப்பா பதறிப்போயி இங்க யாருக்கு என்னாச்சுன்னு கேட்டாராம்.

இந்த பில்டு படிகளை வரிசையா ஓட்டுற பைப்லைனை எழுதின புண்ணியவான்கிட்ட கேட்டா "விசிபிலிட்டி ப்ரோ"ங்கிறான். என்ன விசிபிலிட்டி? போன வாரம் எல்லாரோட கோடும் சேர்ற மெயின் பிராஞ்ச், பில்டு ஃபெயிலாகி ரெண்டு நாளா செவப்பா கெடந்துச்சு, ஒருத்தர் கண்ணுலயும் படல, ஏன்னா பாதி டீம் அந்த சேனலை மியூட் பண்ணிடுச்சு, மீதி பேருக்கு கல்யாண வீட்டு மைக்செட் மாதிரி பழகிப்போச்சு. பைப்லைனை எழுதி வைக்கிற ஜென்கின்ஸ்ஃபைல்ல, ஓடி முடிஞ்சதும் என்ன பண்ணணும்னு சொல்ற போஸ்ட் பிளாக்னு ஒண்ணு இருக்கு, அதுல ஃபெயிலியர்னு எழுதினா உடைஞ்சா மட்டும் சொல்லும், ஃபிக்ஸ்டுன்னு எழுதினா உடைஞ்சது சரியானதும் சொல்லும், இவன் எது ஆனாலும் சொல்ற ஆல்வேஸ்னு எழுதி வச்சிருக்கான், அது பத்தாதுன்னு ஒவ்வொரு ஸ்டேஜுக்குள்ளயும் ஸ்லாக்குக்கு மெசேஜ் அனுப்புற ஸ்லாக்சென்ட் தனியா ஒண்ணு வேற.

சரின்னு நானே மாத்தி பிஆர், அதாவது என் மாத்தத்தை சேத்துக்கோங்கன்னு ஒரு கோரிக்கை, போட்டேன். அந்த பிஆருக்கு பில்டு ஓடிச்சு. அஞ்சு டிங். ரிவியூல இன்டென்டேஷன், அதான் வரி ஆரம்பத்துல விடுற இடைவெளி, சரியில்லன்னாங்க, திருத்தி புஷ் பண்ணேன், இன்னொரு அஞ்சு. சத்தியமா சிரிப்பு வந்துடுச்சு. இப்போ லீடோட அப்ரூவல் ஒண்ணுதான் பாக்கி. பிஆர் தகவலும் அதே சேனல்லதான் போகுது. அவர் அதை மியூட் பண்ணி மூணு மாசம் ஆச்சாம்.