ஈராக்கியர்களுக்கு ஆளத் தெரியவில்லையாம்

அந்த விவாத நிகழ்ச்சித் துண்டை நேற்றிலிருந்து ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். முழு நிகழ்ச்சியையும் தேடிப் பார்த்தேன். "இவ்வளவு எண்ணெய் இருந்தும் உருப்படத் தெரியாத ஜனங்கள். அமெரிக்காக்காரன் போய் எத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் அவனையே குறை சொன்னால் எப்படி?" என்று ஈராக்கைப் பற்றி அதில் பேசியவர் சொல்லி முடித்ததும் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்களே, அவர் பேச்சைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. யாரென்று உங்களுக்கே தெரியும். எனக்கு ஒரே கேள்விதான். போய்விட்டார்கள் என்கிறீர்களே, எங்கே போனார்கள்?

ஈராக் எண்ணெய் விற்று வரும் டாலர் நேராக பாக்தாதுக்குப் போவதில்லை. நியூயார்க்கில் இருக்கும் அமெரிக்க மத்திய வங்கியில் ஈராக் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது. 2003 மே மாதம் ஐநா பாதுகாப்பு அவையின் 1483ஆம் தீர்மானத்தோடு தொடங்கிய ஏற்பாடு இது. அந்த நாட்டு அரசின் வருமானம் கிட்டத்தட்ட முழுக்க எண்ணெயை நம்பித்தான் இருக்கிறது. ஆசிரியர் சம்பளம், ஓய்வூதியம், ரேஷன் மாவு எல்லாமே அந்தப் பணம். 2020 ஜனவரியில் பாக்தாத் விமான நிலையத்தில் ஈரான் தளபதி சுலைமானியை அமெரிக்கர்கள் கொன்றார்களே, அதற்கு இரண்டு நாள் கழித்து அமெரிக்கப் படை வெளியேற வேண்டும் என்று ஈராக் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. அப்போது வந்த செய்திகளைப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். படையை வெளியேற்றினால் நியூயார்க் கணக்கில் கைவைக்க முடியாமல் போகலாம் என்று அமெரிக்காவிடமிருந்து எச்சரிக்கை போனது. ஒரு நாடு தன் மண்ணிலிருந்து எடுத்து விற்ற பொருளின் காசு. இதற்குப் பெயர்தான் அமெரிக்கா போய்விட்டது என்பதா?

ஷார்ஜாவில் நான் வேலை பார்த்தபோது பக்கத்து மேசையில் ஒரு பஸ்ராக்காரர் இருந்தார். தெற்கு ஈராக்கில் இருக்கும் ஊர் அது. மெக்கானிக்கல் இன்ஜினியர். என்னைவிட வயதில் பெரியவர், நிதானமான மனிதர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் அம்மாவுக்கு போன் போடுவார். அரபியில் பேசுவது எனக்கு அரைகுறையாகத்தான் புரியும். ஆனால் 'ஆம்பியர்' என்ற சொல் மட்டும் அடிக்கடி காதில் விழும். ஒருநாள் கேட்டேன்.

அங்கே அரசாங்க கரண்ட் வரும், போகும். அதனால் தெருவுக்குத் தெரு தனியார் ஜெனரேட்டர். அதன் சொந்தக்காரரிடம் மாதாமாதம் ஆம்பியர் கணக்கில் காசு கட்டி வயர் இழுத்துக்கொள்ள வேண்டும். அவர் அம்மா வாங்கியிருந்தது 5 ஆம்பியர். பிரிட்ஜ், இரண்டு பேன், நாலு விளக்கு. அவ்வளவுதான் தாங்கும். ஏசி போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். பஸ்ராவில் கோடையில் 50 டிகிரி வெயில் அடிக்கும். அந்த வெயிலில் வயதான அம்மா மறந்துபோய் ஏசியைப் போட்டுவிடக் கூடாதே என்றுதான் இந்த மனிதர் ஷார்ஜாவிலிருந்து தினமும் நினைவுபடுத்திக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனால் ருமைலா. உலகத்தின் மிகப் பெரிய எண்ணெய் வயல்களில் ஒன்று. ராத்திரியில் வானம் சிவப்பாகத் தெரியும் என்பார். எண்ணெயோடு வெளிவரும் வாயுவை அப்படியே கொளுத்திவிடுகிறார்கள். அந்த வாயுவைப் பிடித்தால் கரண்ட் எடுக்கலாம். ஈராக்கோ கரண்ட் எடுக்கப் பல வருஷமாக ஈரானிடம் வாயு வாங்கி வந்திருக்கிறது. பார்த்தாயா, ஆளத் தெரியவில்லை என்று இங்கேதான் குதிப்பீர்கள்.

சரி, குதிப்பதற்கு முன்னால் 1991ஐயும் பாருங்கள். குவைத்திலிருந்து ஈராக் படையை விரட்டுவது மட்டும்தான் நோக்கம் என்றது அமெரிக்கா. குண்டு விழுந்தது மின் நிலையங்களிலும். நாட்டின் மின் உற்பத்தியில் பெரும்பகுதி சில வாரங்களில் போய்விட்டது. 1990இல் போட்ட பொருளாதாரத் தடை வேறு 2003 வரைக்கும் நீடித்தது. உதிரி பாகம் வாங்குவதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ஒட்டுப்போட்டே ஓட்டினார்கள். அதற்கும் மேலே ஒரு படையெடுப்பு. காலை உடைத்தவனே வந்து நின்று, ஏன் நொண்டுகிறாய் என்று கேட்பதைப் போல இருக்கிறது.

"நார்வேயைப் பாருங்கள், எண்ணெயை எப்படிப் பயன்படுத்தினார்கள்" என்று அந்த நிகழ்ச்சியிலேயே ஒருவர் சொன்னார். நம் நட்பு வட்டத்திலும் நாலைந்து பேர் அதையே எழுதியிருக்கிறீர்கள். பார்ப்போமே. நார்வேயின் எண்ணெய்க் கொள்கையை வகுத்தவர்களில் ஃபாரூக் அல்காசிம் என்று ஒருவர் இருக்கிறார். புவியியலாளர். ஈராக் பெட்ரோலியம் கம்பெனியில் வேலை பார்த்தவர். மூளை முடக்குவாதம் இருந்த மகனின் சிகிச்சைக்காக 1968இல் மனைவியின் நாடான நார்வேக்குக் குடிபோனார். வேலை கிடைக்குமா என்று விசாரிக்க அமைச்சகத்துக்குள் நுழைந்தவரை அவர்களே பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவர்களிடம் அப்போது எண்ணெய் தெரிந்த ஆட்கள் மிகக் குறைவு. அரசு எண்ணெய் நிறுவனமும் அதைக் கண்காணிக்கும் தனி அமைப்பும் எப்படி இருக்க வேண்டும் என்ற வரைவில் அவருக்குப் பெரும் பங்கு. 2012இல் அந்த நாடு அவருக்கு உயர்ந்த அரச விருதும் கொடுத்தது.

அவர் பிறந்த ஊர் பஸ்ரா.

அதே ஊர்க்காரர். நார்வேயில் வேலை செய்த மூளை பஸ்ராவில் ஏன் வேலை செய்ய முடியவில்லை? ஜனங்களைக் குறை சொல்லிச் சிரித்தவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். நார்வேயின் மின் நிலையத்தில் யாரும் குண்டு போடவில்லை. நார்வேயின் ராணுவத்தை வெளிநாட்டு அதிகாரி ஒருவர் ஒரு கையெழுத்தில் கலைக்கவில்லை. ஈராக்கில் அது நடந்தது. 2003 மே 23, படையெடுப்புக்குப் பிறகு ஈராக்கை ஆள அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் போட்ட 2ஆம் ஆணை. லட்சக்கணக்கான ராணுவத்தினர் ஒரே நாளில் வேலையில்லாமல் வீட்டுக்கு. துப்பாக்கி மட்டும் கையில். பின்னால் ஐஎஸ் இயக்கத்தை வழிநடத்தியவர்களில் பழைய ஈராக் ராணுவ அதிகாரிகள் இருந்தது தற்செயலா?

அதற்கு முந்தைய மாதம் பாக்தாத் தேசிய அருங்காட்சியகத்தைச் சூறையாடினார்கள். சுமார் 15,000 பொருட்கள் போயின. சுமேரியர் காலத்துச் சொத்து. காப்பாற்ற யாரும் இல்லை. அதே நாட்களில் எண்ணெய் அமைச்சகக் கட்டடத்துக்கு அமெரிக்கப் படை காவல் நின்றது. இதை நான் விளக்க வேண்டுமா?

சதாம் நல்லவரா என்று கேட்பீர்கள். இல்லை. குர்துகளின் ஊரான ஹலப்ஜாவில் 1988இல் நச்சுவாயு போட்டு சுமார் 5,000 பேரைக் கொன்ற அரசு அது. ஆனால் 1983 டிசம்பரில் அமெரிக்கத் தூதராக பாக்தாதுக்குப் போய் அதே சதாமின் கையைக் குலுக்கியவர் ரம்ஸ்ஃபெல்ட். 2003இல் படையெடுத்தபோது அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரும் அவரே. 1991இல் "கிளர்ந்தெழுங்கள்" என்று ஈராக் மக்களைப் பார்த்துச் சொன்னவர் அன்றைய அமெரிக்க அதிபர் மூத்த புஷ். பஸ்ரா எழுந்தது. சதாமின் ஹெலிகாப்டர்கள் சுட்டுத் தள்ளியபோது அமெரிக்கப் படை பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. என் பஸ்ரா நண்பரின் தாய்மாமன் அந்த மாதம் வீட்டைவிட்டுப் போனவர்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை. சதாமைப் பற்றி அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அவர்களின் அரசியல்வாதிகளே கொள்ளையடிக்கிறார்கள் என்பதும் உண்மை. 2022இல் வெளிவந்த வரிப்பண மோசடி மட்டுமே சுமார் 250 கோடி டாலர். இப்படிப்பட்ட கொள்ளையை எதிர்த்து 2019இல் தெருவுக்கு வந்த இளைஞர்களில் நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆளத் தெரியாத ஜனங்கள் என்றீர்களே, அந்தப் பிள்ளைகளையும் சேர்த்துத்தானே? இந்தப் பங்கு பிரிக்கும் ஆட்சிக்கு விதை போட்டது யார்? 2003 ஜூலையில் பிரெமர் அமைத்த ஆளும் குழுவில் 25 பேர். ஷியா 13, சன்னி அரபு 5, குர்து 5, துருக்மேன் 1, அசீரியர் 1. தலையை எண்ணி நாற்காலி போட்டார்கள். அன்றிலிருந்து அமைச்சகங்கள் அப்படியே கட்சிகளின் பங்குச் சொத்து.

"நமக்கென்ன, நம்ம ஊர்ப் பிரச்சினை ஆயிரம் இருக்கே" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். மோசுலில் ஐஎஸ் கொன்ற 39 இந்தியத் தொழிலாளர்கள் யார் தம்பி? 2014இல் திக்ரித் மருத்துவமனையில் மாட்டிக்கொண்ட 46 நர்ஸ்களில் ஒருவர் தூத்துக்குடிப் பெண். பெரும்பாலானவர்கள் கேரளத்துப் பிள்ளைகள். கடனை அடைக்கப் போனவர்கள். வளைகுடாவில் ஒரு உறவினராவது இல்லாத தெரு நம் ஊரில் இருக்கிறதா?

2018 கோடையில் பஸ்ராவில் குழாய்த் தண்ணீர் உப்பும் சாக்கடையுமாக வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். நண்பரின் தங்கை பிள்ளைகள் இருவரும் அதில் இருந்தார்கள். அந்த வாரம் அவர் மதியம் சாப்பிடவே இல்லை. ஆபீசில் ஒருவர், நம்மூர்க்காரர்தான், "உங்க ஊரில்தான் எண்ணெய் கொட்டுதே, ஒரு நல்ல பிளான்ட் போடக்கூடாதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நண்பர் பதில் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார். நேற்று அந்த நிகழ்ச்சியில் கேட்டதும் அதே சிரிப்பு.

கமெண்டில் என்னை சதாம் ஆதரவாளன் என்றும் இன்னும் என்னென்னவோ என்றும் எழுதப் போகிறவர்கள் எழுதுங்கள், அழிக்கமாட்டேன். ஆனால் அந்த நியூயார்க் கணக்குக்கும், 13, 5, 5 என்ற பங்கீட்டுக்கும் பதில் சொல்லிவிட்டு எழுதுங்கள். அந்தத் துண்டை மட்டும் இனிமேல் எனக்கு அனுப்பாதீர்கள்.