கடைப் பெயரைக் கேட்காதீர்கள், ஊர்ப் பெயரைக் கேளுங்கள்

டெக்சஸுக்கு யார் வந்தாலும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "இங்கே நம்பர் ஒன் பார்பிக்யூ கடை எது?" என்பதுதான். நான் கடைப் பெயர் சொல்வதில்லை. எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். அமெரிக்காவில் பார்பிக்யூ, அதாவது மெல்லிய சூட்டில், புகையில் நெடுநேரம் வாட்டிய கறி, ஊருக்கு ஊர் மாறுகிற சாப்பாடு. இதைச் சொல்லாமல் கடையை மட்டும் தூக்கிப் பிடிக்கிற விளம்பரம் பாதி வேலையைத்தான் செய்கிறது.

ஆஸ்டினுக்குத் தெற்கே இருக்கும் லாக்ஹார்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 'டெக்சஸின் பார்பிக்யூ தலைநகரம்' என்று மாநிலச் சட்டமன்றமே தீர்மானம் போட்ட சின்ன ஊர். இந்த வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானிய, செக் கசாப்புக்காரர்கள், விற்காமல் மிஞ்சிய கறியைப் புகையில் வாட்டி வைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் அதை வாங்கி, கட்டிக் கொடுத்த காகிதத்திலேயே பிரித்து வைத்துக் கையால் சாப்பிட்டார்கள். இன்றைக்கும் கறியை எடை போட்டுப் பழுப்புக் காகிதத்தில் தருவது அந்த வழக்கம்தான். 1900இல் அங்கே தொடங்கிய க்ரூஸ் மார்க்கெட் என்ற கடையில் நெடுங்காலம் சாஸும் கிடையாது, முள்கரண்டியும் கிடையாது. இந்தக் கதை தெரியாமல் போன என் நண்பர் ஒருவர், "தட்டுகூடத் தரமாட்டார்களா?" என்று வருத்தப்பட்டுத் திரும்பினார். போகும் முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

வட கரோலினாவின் கிழக்குப் பக்கம் போனால் எல்லாமே வேறு. அங்கே முழுப் பன்றியை வாட்டி, கொத்தி, வினிகரும் மிளகாயும் சேர்த்துத் தருகிறார்கள். ஏய்டன் ஊரில் 1947இலிருந்து நடக்கும் 'ஸ்கைலைட் இன்' கடையின் கூரை மேல், வாஷிங்டனில் இருக்கும் நாடாளுமன்றக் கட்டடமான கேபிடல் மாதிரியே ஒரு குவிமாடம் இருக்கும். அதே மாநிலத்தில் மேற்கே லெக்சிங்டன் வந்தால் தோள்பட்டைக் கறி மட்டும்தான், சாஸில் தக்காளியும் சேர்ந்துவிடும். தென் கரோலினாவின் நடுப்பகுதியில் கடுகு சாஸ்.

மாடும் பன்றியும் சாப்பிடாத நம் ஆட்கள் பார்பிக்யூ என்றாலே ஒதுங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவே சொல்கிறேன். கென்டக்கி மாநிலத்தின் ஓவன்ஸ்பரோ, செம்மறியாட்டுக் கறி பார்பிக்யூவுக்குப் பேர்போன ஊர். அலபாமாவின் டெகேட்டரில் 1925இல் தொடங்கிய பிக் பாப் கிப்சன் கடையில், புகையில் வெந்த கோழியை மயோனைஸும் வினிகரும் கலந்த வெள்ளைச் சாஸில் முக்கித் தருவார்கள். டெக்சஸ் கடைகள் பலவற்றில் வான்கோழியும் உண்டு. இதையெல்லாம் எந்த விளம்பரமும் நமக்குச் சொல்லவில்லை.

அப்புறம் நேரம். போன வருடம் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி ஒரு சிற்றூர்க் கடைக்குப் போனோம். மணி ஒன்றரை. கதவில் 'தீர்ந்துவிட்டது' என்ற பலகை. சின்னவள் அழுதேவிட்டாள். அந்தக் கடையைப் பற்றி நாங்கள் பார்த்த மூன்று வீடியோக்களிலும் கறி வெட்டும் காட்சி இருந்தது. எத்தனை மணிக்குத் தீரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைக்காரர் மேல் எனக்குக் கோபமே இல்லை. பிரிஸ்கெட் என்பது மாட்டின் நெஞ்சுப் பகுதி, இறுகிய தசை. மெல்லிய சூட்டில் பன்னிரண்டு மணி நேரம் போலக் கிடந்தால்தான் அது இளகும். வெந்து முடிப்பதற்குள் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். மத்தியானம் கூட்டம் சேர்ந்துவிட்டதே என்று இன்னொரு ஈடு போட முடியாது. முந்தின இரவு ஏற்றியதுதான் அன்றைய கணக்கு. டெக்சஸ் லெக்சிங்டனில் இருக்கும் ஸ்னோஸ் கடை சனிக்கிழமை மட்டும்தான் திறக்கும், அதுவும் காலை எட்டு மணிக்கே. இது தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால் யார் பொறுப்பு?

2024இல், உணவகங்களைத் தரம் பார்த்து நட்சத்திரம் தரும் மிச்செலின் வழிகாட்டி டெக்சஸுக்கு வந்து, நான்கு பார்பிக்யூ கடைகளுக்கு நட்சத்திரம் கொடுத்தது. உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது வட கரோலினா பார்பிக்யூ சங்கம் செய்த வேலை. விறகிலோ கரியிலோ வாட்டுகிற பழைய கடைகளாகத் தேர்ந்து, மாநிலம் முழுக்க ஒரு வழித்தடம் போட்டார்கள். கேஸுக்கு மாறாமல் விடிய விடியக் கண் விழிக்கிறவருக்கு அது பெரிய ஆதரவு.

உள்ளூரில் இருக்கிற நமக்கும் பங்கு இருக்கிறது. சனி, ஞாயிறு கூட்டத்துக்குக் குறைவில்லை. செவ்வாயும் புதனும்தான் கடைக்குச் சோதனை. வாரநாளில் ஒரு தடவை அரை பவுண்டு வாங்குங்கள்.

ஆர்கன்சாவின் மரியானா ஊரில் ஜோன்ஸ் பார்பிக்யூ டைனர் என்று ஒரு சின்னக் கடை. கறுப்பினக் குடும்பம் ஒன்று தலைமுறைகளாக நடத்துவது. 2012இல், அமெரிக்காவில் உணவகங்களுக்கும் சமையல்காரர்களுக்கும் தருகிற பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது அதைத் தேடி வந்தது. 2021இல் கடை தீப்பற்றியது. தூரத்தில் இருந்தவர்கள்கூடப் பணம் அனுப்பினார்கள், கடை மறுபடி திறந்தது. அந்த ஊர்ப் பக்கம் நான் இன்னும் போனதில்லை. போக வேண்டும்.

உங்கள் பக்கம் வாசலில் விறகு அடுக்கி வைத்திருக்கும் கடை இருந்தால் கீழே எழுதுங்கள். ஊர், திறக்கும் நாள், கறி தீரும் நேரம், மூன்றும் வேண்டும். வருகிறவர்களுக்கு நான் அதைத்தான் அனுப்பப் போகிறேன்.