சக்கரம் உடைந்தால் யார் பொறுப்பு?

விமான நிலையத்தில், பெல்ட்டில் வரும்போதே என் பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்துதான் வந்தது. நான்கு சக்கரங்களில் ஒன்றைக் காணோம். இருந்த இடத்தில் ஓர் ஓட்டை, சுற்றிலும் விரிசல். கவுன்டருக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "சக்கரம், கைப்பிடிக்கெல்லாம் நாங்க பொறுப்பில்லை சார். டிக்கெட் விதிமுறையிலேயே இருக்கு" என்றார். நானும் நம்பி வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத்தான், சர்வதேச விமானப் பயணத்தில் நிறுவனத்தின் பொறுப்பு என்ன என்று சொல்லும் மான்ட்ரியல் உடன்படிக்கையைத் தேடிப் படித்தேன். 1999-இல் கையெழுத்தாகி 2003 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 130-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றிருக்கின்றன. அதன் 26-ஆவது பிரிவைப் படித்ததும் அந்தக் கவுன்டர்காரர் முகம்தான் ஞாபகம் வந்தது. உடன்படிக்கை சுமத்தும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க விமான நிறுவனம் என்ன நிபந்தனை எழுதி வைத்தாலும் அது செல்லாது. 17-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேல். நாம் ஒப்படைத்த பெட்டி அவர்கள் வசம் இருந்தபோது சேதமானால், அவர்கள் தவறு செய்தார்கள் என்று நாம் நிரூபிக்கவே தேவையில்லை. பெட்டியிலேயே பழுது இருந்தது, அல்லது நம் தவறால் சேதமானது என்று காட்டினால்தான் அவர்கள் தப்ப முடியும். (கையோடு எடுத்துப்போகும் பைக்கு இது பொருந்தாது. அதற்கு அவர்கள் தவறைக் காட்டியாக வேண்டும்.)

சரி, இவ்வளவு நல்ல சட்டம் இருந்தும் ஏன் பலருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை? காரணம் கெடு என்பது என் கருத்து. சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்தது என்றால் வந்த நாளிலிருந்து 21 நாள். இரண்டுமே எழுத்தில். கவுன்டரில் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் கணக்கில் வராது. இன்னொரு 21-ம் உண்டு, பலர் குழம்புவது இங்கேதான்: வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் ஆகியும் பெட்டி வராவிட்டால், அது தொலைந்ததாகவே எடுத்துக்கொண்டு இழப்பீடு கேட்கலாம். வழக்குப் போட இரண்டு ஆண்டு.

வேடிக்கை என்னவென்றால், நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பு இருக்கலாம் என்பதைப் பயணிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று உடன்படிக்கை சொல்கிறது. பயணியின் 7 நாள் கெடுவைத் தெரிவிக்கச் சொல்லவில்லை. பெட்டியில் ஒட்டும் அந்த நீளச் சீட்டில் ஒரு வரி அச்சடிக்க இடமா இல்லை?

பணத்துக்கு வருவோம். 1929-இன் வார்சா உடன்படிக்கை பெட்டியை எடைபோட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்றது. உள்ளே கேமரா இருந்தாலும் கம்பளி இருந்தாலும் ஒரே கணக்கு. மான்ட்ரியல் அதை ஆளுக்கு இவ்வளவு என்று மாற்றியது. முதலில் 1,000 எஸ்டிஆர். 2024 டிசம்பர் 28 முதல் 1,519. எஸ்டிஆர் என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு ஐந்தையும் வைத்து அதன் மதிப்பைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் 1,519 என்பது உச்சவரம்புதான். பெட்டி தொலைந்ததும் அப்படியே கையில் வந்து விழும் தொகை என்று நினைத்தால் ஏமாற்றம்தான். என்ன இழந்தோம் என்று நாம் காட்ட வேண்டும். உச்சவரம்பைவிட விலையுள்ள பொருள் இருந்தால், ஒப்படைக்கும்போதே தனியாக அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணமும் கட்ட வேண்டும். யாராவது அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் மின்னஞ்சல் அனுப்பினேன். சீட்டின் படம், போர்டிங் பாஸ், ஓட்டையின் படம், அப்புறம் 17, 26 என்று இரண்டு எண்கள். பெட்டி வாங்கிய ரசீது கேட்டார்கள். ஆறு வருடப் பழைய பெட்டிக்கு எங்கே போக? இல்லை என்று எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பழுது பார்த்துத் தருவதாகப் பதில் வந்தது. புதுச் சக்கரம் மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் அதிகக் கறுப்பு. நன்றாகத்தான் உருள்கிறது.